கத்தாத கடிமணி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நூல் மில்காரர்கள் கொடுத்த இந்த டைரி ஏழு மாதமாகப் பாவாத்தாளின் புளிப்பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்று துடைத்து எடுத்து எழுதத் தொடங்குகிறேன். ஒரு ஆளை எடை போடப்போகிறேன். எடை போடுகிறவன் எழுதி வைக்க வேண்டும்.

ஆள் பெயர் தரணிதரன். என் தங்கச்சி மகள் இந்துமதியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அதாவது, நான் சரி என்றால். இந்துவுக்கு ஐந்து வயதில் தாயும் தகப்பனும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அன்றிலிருந்து வளர்த்தது நானும் என் மனைவி பாவாத்தாளும்தான். இந்த முப்பத்தொன்றாம் தேதி நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்ற நாள் குறித்தாயிற்று. அன்றைக்குச் சபையில் தாய்மாமன் வாயிலிருந்து சம்மதம் வந்தால்தான் தட்டு மாறும். வராவிட்டால், வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு வேன் ஏற வேண்டியதுதான்.

பையன் கோயமுத்தூரில் தூண்டில் சாமான் கடையில் வேலை பார்க்கிறான். தூண்டிலுக்கென்று தனியாக ஒரு கடையா என்று நான் சிரித்தேன். அதற்குப் பதிலாக இன்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி. தலையில் இரண்டு கொம்பு, நடுவில் குட்டிச் சக்கரம். கரையில் கம்பி குத்தி, அதன் தலையில் இதைத் திருகி, தூண்டில் கழியை இதன்மேல் சாய்த்துவிட்டு நாம் மரத்தடியில் கண்ணை மூடிக்கொள்ளலாம். மீன் கடித்துத் தூண்டில் நரம்பை இழுத்தால் சக்கரம் சுற்றும், சிவப்பு விளக்கு எரியும், மணி கத்தும். இங்கிலீசில் பைட் அலாரமாம். நான் உடனே 'கடிமணி' என்று பெயர் வைத்தேன். பையன் அசந்துபோனான்.

பக்கவாட்டில் மூன்று திருகு. வி, டி, எஸ் என்று எழுத்து. விளக்க வந்தான். கையைக் காட்டி நிறுத்தினேன். வி என்றால் வோல்டேஜ், டி என்றால் டைம், எஸ் என்றால் ஸ்பீடு. முப்பத்திரண்டு வருசம் விசைத்தறி ஓட்டி, இன்றைக்கு எட்டுத் தறிக்குச் சொந்தக்காரனாக இருப்பவனுக்கு மெசினைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பாவு நூல் தீர்ந்து இரண்டு தறி நின்றதால் மத்தியானமே வேலங்காட்டுக் குளத்துக்குப் போய்விட்டேன். கடிமணியைக் குத்தி, கழியைச் சாய்த்து, மைதா உருண்டை கோத்து வீசிவிட்டு வேப்பமரத்தடியில் படுத்தேன். கண்ணை மூடினாலும் என் காது விழித்திருக்கும். அது என் சுபாவம்.

கண்ணைத் திறந்தபோது கழியைக் காணோம். குளத்தின் நடுவில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மீட்டு வந்தேன். நரம்பு அறுந்திருந்தது. மீன் நாலு கிலோவாவது இருக்கும்.

மணி கத்தவே இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புது பாட்டரி போட்டேன். கத்தவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒருவன் சொன்னால் ஒரு சொல்தான். அதனால் சாட்சிகளைச் சேர்த்தேன். பக்கத்துக் குடோனில் தறி ஓட்டும் ஆறுச்சாமி, ரங்கன், மயில்சாமி. மூவரும் என்னோடு ஒரே செட்டில் தொழில் கற்றவர்கள். தறி ஓடும்போதே கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன்.

தறிக்காரர்கள் பேச்சு மற்றவர்களுக்குப் புரியாது. நாற்பது தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் தொண்டை எதற்கும் உதவாது. உதட்டை அசைத்தால் போதும், அந்தக் கோடியில் நிற்பவனுக்குப் புரிந்துவிடும். இழை அறுந்தால் இரண்டு விரல், முதலாளி வந்தால் மூக்கைத் தொடுவது, டீ என்றால் கட்டைவிரல். நான் அறுபது அடி தூரத்திலிருந்து, அந்தக் கோடித் தறியில் நிற்கும் பாவாத்தாளின் உதட்டைப் படித்து, அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லியிருக்கிறேன். எண்பது அடி கூட இருக்கும். இந்தக் கண் வேறு எவனுக்கும் வராது.

நால்வரும் குளத்துக்குப் போனோம். ஆறுச்சாமி நரம்பை இழுத்தான். சக்கரம் சுற்றியது. விளக்கு எரிந்தது. நால்வரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"கப்சிப்" என்றான் ஆறுச்சாமி.

"செத்த சாமான் மாப்ள" என்றான் ரங்கன். "விளக்கு மட்டும் எரியற மாதிரி பண்ணித் தலையில கட்டிட்டான்."

நால்வர் சாட்சி. எழுதிக்கொண்டேன். அந்த நாலு கிலோ மீன் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. யோசித்துப் பார்த்தால் அது ஆறு கிலோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பையனைக் குளத்துக்கே வரவழைத்தேன். இந்து வீட்டில் இருந்தாள். சாட்சிகள் மூவரும் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தரணி குனிந்து நரம்பை இழுத்தான். விளக்கு எரிந்தது.

"கேக்குதுங்களா மாமா?"

"என்னத்த?"

"இதா, கத்துதுங்களே."

நான் ஆறுச்சாமி பக்கம் திரும்பினேன். "மாப்ள, உனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"குளத்துல கெண்ட மூச்சு விடறதுகூடக் கேக்குது. இது கேக்குல" என்றான்.

ரங்கன் எழுந்துபோய்ப் பெட்டியில் காதை ஒட்டிவைத்தான். "ஏந்தம்பி, உள்ள மணி வெச்சாங்களா, இல்ல வெக்க மறந்துட்டாங்களா?"

"சத்தியமாக் கத்துதுங்க. இவ்வளவு பக்கத்துல எனக்கே காது வலிக்குது."

"அப்ப நாங்க நாலு பேரும் பொய் சொல்றமா?" என்றேன். "இல்ல, எங்க நாலு பேருக்கும் காதே இல்லேங்கறீங்களா?"

பையன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான், மற்ற மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். அவன் முகம் மாறியதை நான் கவனித்தேன். கவனிப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

"இல்லீங்க மாமா" என்றான் மெல்ல. "நீங்க சொல்றதுதான் சரியாட்ட இருக்குது. கெட்டுத்தான் போச்சு. வேற மாத்திக் கொண்டாறனுங்க."

அதற்குத்தான் காத்திருந்தேன். முதலில் கத்துகிறது என்றான். நாலு பேர் முறைத்ததும் கெட்டுப்போச்சு என்கிறான். ஐந்து நிமிசத்துக்குள் இரண்டு நாக்கு. பொய் சொல்லுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்ததும் இந்து என் நாற்காலிக்கு நேராக வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மாமா, அவரு பொய் சொல்ல மாட்டாரு. நீங்க மீனுக்குத் தவிர வேற எதுக்கும் பொய் சொல்ல மாட்டீங்க. ரெண்டு பேரும் சொல்றது நெசம்னா நடுவால என்ன இருக்குது? நீங்கதான் பெரிய மெக்கானிக் ஆச்சே. கண்டுபிடிங்க. முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள."

"உனக்குத் தெரியுமாக்கும்?"

"நாஞ் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

நம்ப மாட்டேன்தான்.

மீனுக்குப் பொய் என்று சொல்லிவிட்டாள். ஆறு கிலோவை ஆறு கிலோ என்று சொல்வது பொய்யா?

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு அதிசயம்.

குளத்தங்கரையில் ராமாத்தாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கடிமணியைக் கழற்றி மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். நரம்பை இழுக்கிறேன், விளக்கு எரிகிறது, அந்த நொடியில் பதினோரு ஆடும் தலையைத் தூக்குகின்றன. விட்டால் மேய்கின்றன. இழுத்தால் தூக்குகின்றன. ஏழு தடவை செய்தேன். ஏழு தடவையும் தூக்கின. எட்டாவது தடவை ஒரு கிடாய் மிரண்டு எதிர்ப்பக்கம் ஓடியது.

கடிமணி கத்துகிறது! ஆனால் மனிதர்களுக்கு அல்ல. மிருகங்களுக்குத் தனி அலைவரிசை உண்டு என்று எங்கோ கேட்டிருக்கிறேன். இதை வெள்ளைக்காரன் ஆட்டுக்கென்று செய்திருக்கிறான். பையன் மீனுக்கு என்று மாற்றிக் கொண்டுவந்துவிட்டான். இதைக் கண்டுபிடித்தவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ராமாத்தாளிடம் சொல்லிப் பெருமைப்படலாம் என்று போனேன். எனக்கு முன் அவள் தொடங்கிவிட்டாள்.

"அண்ணோ, அந்தக் கருமத்தக் கொஞ்சம் நிறுத்துங்கோ. ரெண்டு நாளா கீ கீன்னு காதக் கிழிக்குது. ஆடு ஒரு வாய் மேய மாட்டீங்குது."

"உனக்குக் கேக்குதா?"

"எனக்கென்ன, அக்கரையில வேட்டி தொவைக்கறவனுக்கே கேக்கும்."

இதையும் ஆராய்ந்துவிட்டேன். முப்பது வருசம் ஆட்டோடு பழகினால் ஆட்டுக் காது வந்துவிடும்.

ஆனால் அக்கரையில் துவைப்பவன் ஆடு வைத்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பெரிய ஆராய்ச்சி நடத்தினேன். கடிமணியை மஞ்சப் பைக்குள் போட்டு விளக்கை மறைத்துக்கொண்டேன். நரம்பின் ஒரு முனை என் விரலில். ஊருக்குள் போய் ஒவ்வொருவரையும் நிறுத்தி, கேட்டால் கையைத் தூக்கு என்றேன். இருநூறு பேரைச் சோதித்தேன். சரியாகச் சொன்னால் இருபத்துமூன்று.

கையைத் தூக்கியவர்கள்: முடி வெட்டுகிற சுப்பிரமணி, தபால்காரர், ரேசன் கடை அம்மா, பூசாரி (எழுபத்துநாலு வயது, இரண்டு கண்ணிலும் புரை, ஆனால் நரம்பை நான் முழுசாக இழுப்பதற்குள் கை மேலே போகிறது), டீக்கடைப் பாய், அவர் மருமகள், சைக்கிள் கடைக்காரர். இன்னும் ஏழு பேர். இந்துவிடம் போகவில்லை. அவள் சமையலறையிலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினாள்.

தூக்காதவர்கள்: நான், ஆறுச்சாமி, ரங்கன், மயில்சாமி, பாவாத்தாள், ரங்கன் சம்சாரம், மேற்காலத் தெரு அண்ணன் தம்பி இரண்டு பேர்.

வயசு காரணமா என்று பார்த்தேன். பூசாரியால் அது அடிபட்டுப்போனது. காதில் அழுக்கு இருக்குமோ என்று எண்ணெய் விட்டுக் குடைந்தேன். பயனில்லை. நோட்டில் இரண்டு பக்கமாகப் பெயர்களை எழுதி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்காதவர் பக்கத்தில் தறி ஓட்டாதவர் ஒருவரும் இல்லை. தூக்கியவர் பக்கத்தில் தறி ஓட்டுகிறவர் ஒருவரும் இல்லை.

இன்று கெண்டை வாங்கி வந்தேன். பாவாத்தாள் குழம்பு நன்றாக வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாதாந்திர மின் நிறுத்தம். தறி ஓடவில்லை. இந்துவும் வீட்டில் இருந்தாள். எதிரில் உட்காரச் சொல்லி, இப்போது உனக்கு என்னென்ன கேட்கிறது, ஒன்று விடாமல் சொல் என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பக்கத்து வீட்டுக் குக்கர். வேப்பமரத்தில் ஏதோ குருவி, இரண்டு இருக்கலாம். தண்ணீர்த் தொட்டிக் குழாய் சொட்டுவது. அத்தை வெங்காயம் உரிப்பது. கடிகாரம்.

"எந்தக் கடிகாரம்?"

"செவத்துல இருக்கறது மாமா."

"அது மணி அடிக்காதே."

"அடிக்காது. ஓடற சத்தம்."

அந்தக் கடிகாரம் என் கல்யாணத்துக்கு வந்தது. அதற்குச் சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 20, புதன்

தறி ஓட்டினேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. பாவாத்தாள் காதிலும் வைத்தேன். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று உதட்டால் கேட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாட்சிகளிடம் போய் நோட்டைக் காட்டினேன். மயில்சாமி தலையைச் சொறிந்தான். ரங்கன் நோட்டைப் புரட்டினான். ஆறுச்சாமிக்குத்தான் கோபம் வந்தது.

"இத நாலு செவுத்துக்குள்ள வெச்சுக்க. சபையில போயி ஒளறாத."

"ஒளறாம எப்படி மாப்ள? அந்தப் பையனப் பொய்க்காரன்னு நாலு பேர் முன்னால சொன்னோம். இப்ப நாலு பேர் முன்னாலதான் எடுக்கோணும்."

"பொண்ணக் கட்டிக் குடுக்கறதுன்னா குடு. மணிய ரிப்பேர் பண்ணிட்டான்னு சொல்லீரு. கதையா வராது உனக்கு?"

வரும். அதற்குள் மூன்று கதை வந்துவிட்டது. ஒன்றில் கடிமணிக்குள் எறும்பு புகுந்திருந்தது.

"என்ற பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கறேன்" என்றான் ஆறுச்சாமி. "அப்பன் செவுடுன்னு தெரிஞ்சா, பையனுக்கும் அப்படித்தானோன்னு கேப்பாங்க. நீ உன்னச் சொல்லிக்க. எங்க பேரச் சொன்னீன்னா என்ற வாசப்படி மிதிக்காத."

முப்பத்திரண்டு வருசப் பழக்கம். எறும்புக் கதை மோசமில்லை. எல்லோரும் நம்புவார்கள். அந்தப் பையன்கூட ஆமாம் என்பான்.

அவன் ஆமாம் என்பான் என்பதுதான் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். தரணியின் கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் கடிமணியை மேசைமேல் வைத்தேன்.

"இது கெட்டுப் போகுல" என்றேன்.

"இல்லீங்க மாமா."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு."

தலையைக் குனிந்தான். குனிந்தபடி ஏதோ சொன்னான். தலையைத் தூக்கிச் சொல்லுங்கள் என்றேன். தூக்கினான்.

"நாலு பெரியவங்க உக்காந்திருந்தீங்க. நான் எப்படிங்க மாமா சொல்லட்டும்?"

பிறகு பெட்டியை எடுத்து, டி என்ற திருகை இடதுபக்கம் முழுக்கத் திருப்பினான். டி என்றால் டைம் இல்லையாம். சத்தம் கீச்சென்று வரவேண்டுமா, கட்டையாக வரவேண்டுமா என்பதற்காம். நரம்பை இழுத்தான்.

கேட்டது.

கட்டையான குரல். சளி பிடித்த தவளை மாதிரி. நான் நரம்பை வாங்கி நானே இழுத்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்த மனசு வரவில்லை. காதில் ஏதோ நனைந்தது போலிருந்தது. கண்ணாகவும் இருக்கலாம்.

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு சொன்னேன்.

"அன்னிக்குப் போன மீனு இருக்குதுங்களே."

"ஆறு கிலோ மீனுங்களா?"

"ஒண்ணரை கிலோதான் இருக்கும்."

"டீ சாப்பிடலாமுங்களா மாமா?" என்றான். சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வந்த சனம் ஐந்நூறு பேர். மண்டபத்தில் நாற்காலி நூற்றிருபதுதான் என்று இந்து எதிரில் உட்கார்ந்து திருத்துகிறாள்.

உப்பும் சர்க்கரையும் தட்டில் வந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, "தாய்மாமன் என்ன சொல்றாருங்க?" என்று கேட்டார். நான் எழுந்தேன். எறும்புக் கதை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல கதை. அதை விழுங்குவது சிரமமாக இருந்தது.

"மாப்பிளைய நான் பொய்க்காரருன்னு சொல்லிட்டேன்" என்றேன். "அவரு குடுத்த மணி கத்துலைன்னு சொன்னேன். அது கத்துச்சு. என்ற காதுதான் கேக்குல. முப்பத்திரண்டு வருசம் தறிச் சத்தத்துல நின்னது போயிருச்சு, எனக்கே தெரியாமப் போயிருச்சு. மாப்பிளை அன்னிக்குச் சொன்னது ஒரே ஒரு பொய்யி. மணி கெட்டுப்போச்சுன்னு. அது என்ற மானத்துக்காகச் சொன்னது. அப்படியாப்பட்ட பையனுக்குப் பொண்ணு குடுக்க எனக்குச் சம்மதம். முழுச் சம்மதம்."

மற்றவர்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசையில் ஆறுச்சாமி எழுந்ததைப் பார்த்தேன். போய்விடுவான் என்றே நினைத்தேன். அவன் நேராக நடந்து வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தான்.

"பின்னால ஒண்ணுமே கேக்குல மாப்ள" என்றான், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "இன்னொருக்காச் சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன். தட்டு மாறியது.

எல்லோரும் போனபிறகு, இந்துவிடம் கேட்டேன். "உனக்கு எப்பத் தெரியும் அம்மிணி?"

"மூணாவது படிக்கறப்ப மாமா. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கிட்டு வந்தேன். நீங்க வாசல்ல திரும்பி நின்னுட்டிருந்தீங்க. மாமா, மாமான்னு பின்னால நின்னு அஞ்சாறு தடவ கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. என்மேல கோவமாக்கும்னு அழுதேன். அப்புறம் முன்னால வந்து நின்னதும் தூக்கிக்கிட்டீங்க. அன்னிக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் உங்க முதுகுக்குப் பின்னால ஒரு வார்த்த பேசினதில்ல."

பதினாறு வருசம். எப்போது பேச வந்தாலும் நேரே வந்து நிற்பாள், நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்காருவாள். மாமன் முகத்தைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"இப்பப் பேசு. ஒரே ஒருக்கா. என்ன வேணும்னாலும் பேசு."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் தோளில் கை விழுந்ததும் திரும்பினேன். இந்து பேசி முடித்திருந்தாள். என்ன சொன்னாய் என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

"ஊரு உலகத்துல இப்படி ஒரு மாமன் இல்லேன்னு சொன்னா" என்று பாவாத்தாளிடம் அளந்தேன்.

பாவாத்தாள் சமையலறைக் கதவோரம், இந்துவின் முகத்துக்கு நேராக நின்றிருக்கிறாள். முழுவதையும் உதட்டில் படித்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதில்ல" என்றாள்.

"வேற என்ன புள்ள?"

சொல்ல மாட்டேன் என்கிறாள். எழுதுகிற இந்நேரம்வரை நாலு தடவை கேட்டாயிற்று. விட மாட்டேன். எப்படியும் கேட்டுவிடுவேன்.